நாலு மாலை, நாலு பேர்

வயலின் பெட்டியைத் திற, பிள்ளை. கட்டிலுக்குக் கீழே, பழைய கொப்பிகளுக்குப் பின்னால், கடைசிப் பரீட்சை முடிந்த அன்று தள்ளிவைத்தாயே, அதே பெட்டிதான். தந்திகளில் துரு ஏறியிருக்கும். காங்கேசன்துறைக் கடற்காற்று எந்த இரும்பையும் சும்மா விடுவதில்லை. வில்லின் முடி தளர்ந்திருக்கும். இருக்கட்டும். தந்தியை மாற்றலாம், வில்லுக்கு றொசின் தேய்க்கலாம். வாசிக்காமல் விட்ட நாட்களைத்தான் திருப்பி வாங்க முடியாது. அந்தக் கணக்கில் இன்றைய நாளையும் சேர்த்துவிடாதே.

உன்னைப் போன்றவர்களை மாவிட்டபுரத்தில், கீரிமலையில், தெல்லிப்பழையில், அளவெட்டியில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பார்க்கிறேன். சின்ன வயதில் ஸரளி வரிசை. பிறகு வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள், தரம் தரமாக. 1931இல் தொடங்கிய சபை அது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதன் படிகளில்தான் ஏறி வந்திருக்கிறார்கள். சான்றிதழ்களை அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு பைலில் அடுக்கி வைத்திருக்கிறார். சாதாரண தரத்தில் சங்கீதத்துக்கு ஏ. அதோடு சரி. உயர்தரம் வந்தது, ரியூசன் வந்தது, பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது.

யாராவது வாசிக்கச் சொல்லிக் கேட்டால் என்ன சொல்கிறாய்? "நான் அவ்வளவு பெரிசாய் வாசிக்க மாட்டன்." யார் சொன்னது? எந்தப் பரீட்சகர் உனக்கு அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்? இத்தனை வருடம் படித்த பிறகும் இந்த வசனத்தை நீ நாக்கிலேயே வைத்திருக்கிறாய் என்றால், குறை உன் விரலில் இல்லை. நீ எப்போதும் தனியாகவே வாசித்து வந்திருக்கிறாய். குருவுக்கு முன்னால் தனியே. பரீட்சகருக்கு முன்னால் தனியே. பரிசளிப்பு விழா மேடையில் ஐந்து நிமிடம், அதுவும் தனியே. அப்படி நிற்கிறவனுக்கு ஒவ்வொரு முறையும் தீர்ப்புத்தான் கிடைக்கும். தீர்ப்பு கேட்டுக் கேட்டு எவனுக்கும் தைரியம் வந்ததில்லை. பக்கத்தில் இருப்பவன் உன் ஸ்வரத்தைக் கேட்டு, அதைப் பிடித்து, உனக்கே திருப்பித் தருகிறானே, அங்கேதான் பயம் விட்டுப் போகும். இதை நான் அடித்துச் சொல்வேன்.

மேற்கில் சேம்பர் இசை என்ற மரபு இருக்கிறது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் இருப்பார்கள். சில வேளை மூன்று பேர், சில வேளை எட்டுப் பேர். முன்னால் நின்று கோல் வீசும் நடத்துநர் கிடையாது. ஒரு பகுதியை ஒருவர்தான் வாசிப்பார். அவர் தடுமாறினால் மூடி மறைக்க இன்னொருவர் இல்லை. கண்ணாலும் மூச்சாலும் பேசிக்கொண்டே வாசிக்க வேண்டும். கோடை விடுமுறையில் இளங்கலைஞர்களைக் கூட்டிவைத்து, வாரக்கணக்கில் இதை மட்டுமே வாசிக்க விடும் விழாக்கள் அங்கே பல உண்டு. அவற்றில் பேர்போனது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மார்ல்பரோ என்ற மலைக் கிராமத்தில் நடப்பது. 1951இல் தொடங்கியது.

தொடங்கியவர்கள் யாரென்று பார். பியானோக் கலைஞர் ருடோல்ஃப் செர்கின், யூதர். நாஜிகளின் ஜெர்மனியில் அவருக்கு மேடை இல்லாமல் போயிற்று. அவருடைய மாமனார் அடோல்ஃப் புஷ், ஐரோப்பாவின் தலைசிறந்த வயலின் கலைஞர்களில் ஒருவர். அவர் யூதர் அல்லர். இருந்தும், அந்த அநியாயத்துக்குத் துணைபோக மாட்டேன் என்று தாய்நாட்டு மேடைகளையே உதறினார். பிரெஞ்சுப் புல்லாங்குழல் மேதை மார்செல் மொய்ஸும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஊர் விட்டு வந்தவர்கள் ஒரு பழைய பண்ணை நிலத்தில் உட்கார்ந்து தொடங்கிய விழா அது. இன்றுவரை அங்கே இருபது வயதுக்காரர் மூத்த மேதையின் பக்கத்தில் சமமாக உட்கார்ந்து ஒரே படைப்பை வாசிக்கிறார். ஒத்திகை பார்ப்பதில் ஒரு பங்குதான் மேடைக்கு வரும். மிச்சமெல்லாம் ஒருவரை ஒருவர் கேட்டுக் கற்பதற்கே.

ஊரை இழந்தவர்களின் கதை காங்கேசன்துறைக்குப் புதிதா? 1990 ஜூனில் போர் மூண்டு இந்த ஊர் வெறுமையானது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. ரயில் நின்றது. கோயில் மேளம் நின்றது. உன் அம்மம்மாவும் அப்பப்பாவும் முகாமிலும் இனசனத்தின் விறாந்தையிலும் கால் நூற்றாண்டைக் கழித்தார்கள். ரயில் 2015 ஜனவரியில்தான் மறுபடி காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தது. நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த வளவுக்கு 2016இல் திரும்பியது. இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத காணிகள் உண்டு. வேலிக்கு அந்தப் பக்கம் தங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் நிற்பவர்களை நீ அறிவாய். இத்தனையையும் தாங்கி, திரும்பி வந்து, பற்றை வெட்டி, கூரை போட்ட சனத்தின் பிள்ளை நீ. "எங்களுக்கு நல்ல மண்டபம் இல்லை, சவுண்ட் சிஸ்டம் இல்லை, ஆர் வந்து கேக்கப்போகினம்" என்று நீ சொல்லலாமா?

மார்ல்பரோவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அதைவிட மூத்த விழா உன் வாசலிலேயே நடக்கிறது. மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் 25 நாள் திருவிழா, ஆடி அமாவாசையன்று கீரிமலையில் தீர்த்தம். அதற்கு ஆறாம் நாள் நல்லூரில் கொடி. அங்கே ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை மேளம் ஓயாது. ஆக, வெயில் கொளுத்தும் இரண்டு மாதம் இந்தக் குடாநாடே இசைவிழாதான். சுவாமி வீதி சுற்றும்போது முன்னால் போகும் மேளத்தைப் பார். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, ஒரு தாளம், ஒரு சுருதி. நடத்துநர் யாராவது இருக்கிறாரா? தவில்காரர் நாதஸ்வரக்காரரின் கன்னத்தைப் பார்க்கிறார். கன்னம் உப்பும் விதத்தில் அடுத்த சங்கதி எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது தவில் முதலாவதின் தோளைப் பார்க்கிறது. இதைவிடச் சிறந்த சேம்பர் இசையை எந்த நாட்டில் போய்க் கேட்கப்போகிறாய்?

அந்தக் கூட்டத்தின் பின்வரிசையையும் பார். தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொடியன் நிற்பான். கண் தூக்கத்தில் சொருகும், கை தவறாது. மேளகாரர் வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் முதல் வகுப்பு. முதலில் தாளம். பிறகு ஒருநாள் இரண்டாம் நாயனம் கைக்கு வரும். பெரியவர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ராகத்தின் நூல் அறுந்துபோகாமல் இவன் பிடித்துக்கொள்ள வேண்டும். யாரும் அவனிடம் "உனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா" என்று கேட்பதில்லை. சீவாளியை நாக்கால் நனைத்து உதட்டில் வைத்துவிட்டால், பிறகு பின்வாங்க வழி கிடையாது. ஆயிரம் பேருக்கு நடுவே, பெரியவரின் நிழலில், அவன் ஆளாகிறான்.

அப்படி ஆளானவர்களில் ஒருவரின் பெயரை உன் நெஞ்சில் எழுதிக்கொள். அளவெட்டித் தட்சிணாமூர்த்தி. பிறப்பு 1933. தவிலுக்கு முதல் குரு தகப்பனார் விஸ்வலிங்கம். உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்து ஊரில் வாழ்ந்தவர், தஞ்சாவூர் மேளத்தின் தாய்வீட்டுக்கே போய், தவில் மேதை நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். தவில் பிறந்து வளர்ந்த மண்ணே நிமிர்ந்து பார்த்த கை அது. 1975இல் மறைந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பல வருடம் கழித்து அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கடலைத் தாண்டினான். உன்னிடம் பத்து விரலும் வருடக்கணக்கான படிப்பும் இருக்கின்றன.

காங்கேசன்துறையிலேயே பிறந்த ஒருவரையும் சொல்லவேண்டும். நடிகமணி வி.வி. வைரமுத்து, 1924இல் பிறந்தவர். அவருடைய வசந்த கான சபா இசை நாடகத்தைக் குடாநாட்டின் சந்து பொந்தெல்லாம் கொண்டுபோனது. ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், பாடத் தெரிந்த சில நடிகர்கள். இவ்வளவுதான் கையிருப்பு. அரிச்சந்திரனாக அவர் மயான காண்டத்தில் சுடலை காக்க வந்து நின்று பாடினால், பாயில் படுத்திருந்த பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்களாம். அந்த ஒரு நாடகத்தையே ஆயிரக்கணக்கான தடவை ஆடியவர் அவர். ஒவ்வொரு இரவும் அதே கதை, அதே பாட்டு. ஆனால் ஹார்மோனியக்காரர் பிடிக்கும் சுருதிக்கும் சனத்தின் மூச்சுக்கும் ஏற்றபடி அன்றன்று புதிதாகப் பாட வேண்டும். 1989இல் அவர் கண்மூடினார். அடுத்த வருடம் ஊரே பெயர்ந்தது. அந்தக் குரலின் ஊர்க்காரி நீ, ஊர்க்காரன் நீ. ஒரு வர்ணத்தை நாலு பேருக்கு முன்னால் வாசிக்க உனக்குக் கை நடுங்குகிறது என்றால், அந்த நடுக்கத்தோடேயே வாசி!

எப்படித் தொடங்குவது என்று கேள். இந்தக் கேள்விக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

மூன்று பேரைத் தேடு. உன் வகுப்பில் பாடுகிறவள் ஒருத்தி நிச்சயம் இருப்பாள். மிருதங்கம் படித்துவிட்டுக் கிரிக்கெட் மட்டையோடு திரிகிறவன் ஒருவன் இருப்பான். நாலாவது ஆள் வெளிநாட்டிலிருந்து வரட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்திறங்கும் மச்சான்மாரையும் மச்சாள்மாரையும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறாய். அவர்களில் எத்தனையோ பேர் அங்கே மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்தவர்கள். அவர்களுக்கு உன் ஊர்ப் பேச்சு தடுமாறும், ஆதி தாளம் தடுமாறாது. கீரிமலையில் குளிக்கவும் ஐஸ்கிறீம் குடிக்கவும் மட்டுமா அவர்களைக் கூட்டிக்கொண்டு திரியப் போகிறாய்? கடத்தையும் கஞ்சிராவையும் கையில் கொடு.

இடத்துக்குக் காசு தேடி அலையாதே. சனசமூக நிலையம் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் ஏது? பேப்பர் வாசிக்கும் மேசையை ஒதுக்கினால் பாய் விரிக்கலாம். கோயில் மடம் இருக்கிறது. பெரிய விறாந்தை உள்ள வீடு இருக்கிறது. ஒலிபெருக்கியை வேண்டுமென்றே விலக்கிவிடு. அது இருந்தால் நீ உன்னை மட்டுமே கேட்பாய். இல்லாவிட்டால் மற்றவரைக் கேட்டே ஆகவேண்டும்.

முதல் நாள் ஒரு பாட்டும் வேண்டாம், சுருதி சேர்ப்பதில் ஒரு மணி நேரம் செலவழி. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. வயலினில் சட்ஜமும் பஞ்சமமும் பிடிக்க வேண்டும். முளையைத் திருகினால் ஒரு மயிரிழை ஏறும், விட்டால் இறங்கும். மிருதங்கக்காரன் தொப்பியில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்பி, அது பிடிக்கும்வரை தட்டித் தட்டிப் பார்ப்பான். வலந்தலையில் வாரின் ஓரத்தைக் கல்லால் மெல்லத் தட்டி, ஒரு கண்ணில் கூட்டி, மறு கண்ணில் குறைப்பான். கடற்காற்று ஈரம் தோலை இளக்கிவிடும், அவன் மறுபடி தட்டுவான். பாடுகிறவள் கண்ணை மூடித் தம்புரா ஒலிக்குள் தன் குரலை வைத்துப் பார்ப்பாள். இந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேரும் ஒரே ஒரு ஸ்வரத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். அது வந்து பொருந்தும்போது அறையே ஒருமுறை அதிரும். அதைக் கேட்ட பிறகு "நான் பெரிசாய் வாசிக்க மாட்டன்" என்று சொல்ல உனக்கு வாய் வராது.

பிறகு எல்லோருக்கும் தெரிந்த மோகன வர்ணத்தை எடு. முதல் காலத்தில் யாரும் விழமாட்டீர்கள். இரண்டாம் காலத்தில், முத்தாயி ஸ்வரத்தில், கட்டாயம் ஒருவர் விழுவார். அப்போது நிறுத்தாதே. விழுந்தவர் வந்து சேரும்வரை மற்ற மூவரும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். அவர் எந்த இடத்தில் ஏறலாம் என்று மிருதங்கம் ஒரு அறுதியால் காட்டட்டும். பரீட்சையில் பிழைக்குப் புள்ளி குறையும். இங்கே பிழை வந்தால்தான் மற்ற மூவரும் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியும்.

வாத்தியம் பொருந்தாதே என்று சாக்குச் சொல்லாதே. 1941 ஜனவரியில், உறைபனிக் குளிரில், ஜெர்மானியர்களின் போர்க்கைதி முகாம் ஒன்றில், ஒலிவியே மெசியான் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒரு நால்வர் இசையை அரங்கேற்றினார். முகாமில் கிடைத்த கலைஞர்கள் ஒரு கிளாரினெட்காரர், ஒரு வயலின்காரர், ஒரு செல்லோக்காரர். பியானோவில் அவரே உட்கார்ந்தார். அப்படி ஒரு சேர்க்கைக்கு எழுதும் வழக்கம் அன்று இல்லை. இருந்தவர்களுக்காக எழுதினார், கைதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று உலகம் முழுவதும் அதை வாசிக்கிறார்கள். உன்னிடம் ஒரு வயலின், ஒரு ஓர்கன், ஒரு மிருதங்கம், பாடசாலை பாண்டில் வாசிக்கும் ஒரு ட்ரம்பெட் இருந்தால், அந்த நாலுக்கும் என்ன ராகம் ஒத்துவரும் என்று உட்கார்ந்து தேடு. இணுவில் வீரமணி ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் பாட்டு இயற்றியவர். மயிலாப்பூர்க் கற்பகாம்பாளைப் பற்றி அவர் எழுதிய கற்பகவல்லிப் பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடி, தமிழர் இருக்கும் இடமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். உன் மண்ணில் பிறந்த சாகித்தியம் இவ்வளவு இருக்கிறது. அதில் நாலை எடுத்துக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

குரு வேண்டுமென்றால் தூரமில்லை. நீ பஸ்ஸில் போய்வரும் அதே காங்கேசன்துறை வீதியில், மருதனார்மடத்தில், 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்குச் சித்தூர் சுப்பிரமணியபிள்ளையும் மகாராஜபுரம் சந்தானமும் வந்திருந்து தலைமை தாங்கினார்கள். அந்த மரபில் படித்து வந்தவர்கள் இன்று உன் பாடசாலையிலேயே கற்பிக்கிறார்கள். போய்க் கேள். "ஒருநாள் எங்களோட இருந்து வாசியுங்கோ ரீச்சர்" என்று சொல். முன்னால் இருந்து பிழை பிடிக்க வேண்டாம், பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1968இல் இதே மாவிட்டபுரக் கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிடும் உரிமை கேட்டு மனிதர்கள் அறப்போர் செய்ய வேண்டியிருந்தது. சாதி சொல்லி வாசலில் மறித்த ஊர் இது என்பதை மறைத்துவிட்டு நாம் இசை பேசக்கூடாது. இந்தத் தலைமுறை தொடங்கும் விழாவில் அந்த நிழல் விழவே கூடாது. கடற்கரைப் பிள்ளையும் வரட்டும், தேவாலயப் பாடகர் குழுவில் பாடும் பிள்ளையும் வரட்டும். தவில் வாசிக்க ஆசைப்படும் பெண்பிள்ளையிடம் "அது உனக்குச் சரிவராது" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, எந்தச் சுருதியில் பாடுகிறாய் என்று கேட்கும் அறையாக அது இருக்கட்டும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. "சங்கீதம் சோறு போடுமா" என்று கேட்கிறீர்கள். சோற்றுக்காகப் பிள்ளை கணக்கும் விஞ்ஞானமும் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வாழ்க்கையில் அந்தப் பிள்ளை பத்துப் பேரோடு சேர்ந்து வேலை செய்யவேண்டி வரும். தன் முறை வரும்வரை பொறுக்கவும், வந்ததும் தயங்காமல் எழும்பவும், அடுத்தவர் தவறினால் கை கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எந்த ரியூசன் கொட்டகையில் அதைச் சொல்லித் தருகிறார்கள்? நீங்கள் கட்டிய பீஸுக்கும், வாங்கிக் கொடுத்த வயலினுக்கும், கூட்டிக்கொண்டு போய்க் காத்திருந்த வகுப்பு வாசல்களுக்கும் பலன் அந்தப் பைலுக்குள் அடைந்து கிடக்கிறது. அதை வெளியே விடுங்கள்.

சரி பிள்ளை, நாளைக் குறி. ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரத்தார் கீரிமலையில் தீர்த்தமாடி முடிப்பார்கள். ஆறாம் நாள் நல்லூரில் கொடி. நடுவில் நாலு மாலை சும்மா கிடக்கிறது. இரண்டு பெரிய விழாக்களுக்கு நடுவே உனக்கென்று விட்டுவைத்த மாதிரி. முதல் மூன்று மாலையும் வாசித்துப் பழகுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். ஒழுங்கையால் போகிறவர் எட்டிப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டுப் பாயில் இருத்துங்கள். நாலாம் மாலை ஊருக்குச் சொல்லி வாசியுங்கள். நோட்டீஸ் அடிக்க வேண்டாம், வட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். பிரதம விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், வரவேற்புரை வேண்டவே வேண்டாம். ஆறு மணிக்குச் சுருதி சேருங்கள், ஆறரைக்கு வர்ணம். எட்டு மணிக்கு மங்களம் பாடிவிடுங்கள். விடிந்தால் நல்லூரில் கொடியேற்றம், எல்லோரும் முதல் பஸ் பிடிக்க வேண்டும்.